விஎஃப்டி வேலைக்கு ஃப்ளூக் 87வி மல்டிமீட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) அவுட்புட்டில் சாதாரண மீட்டரை வைத்தால், டிரைவ் திரையில் 400 வோல்ட் இருக்கும்போது மீட்டர் அதைவிட நன்றாகவே கூட்டிக் காட்டும். அதை நம்பி நல்ல டிரைவைக் கழற்றுபவர்கள் இன்றும் உண்டு. அவுட்புட்டில் வருவது சைன் அலை இல்லை, சில கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டிய டிசி துடிப்புகள். மீட்டர் அந்த வெட்டையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது.

87வி-யில் ஏசி வோல்ட் வைத்து மஞ்சள் பட்டனை அழுத்தினால் லோ-பாஸ் ஃபில்டர் வரும். சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அது கழித்துவிடும், ரீடிங் டிரைவ் திரையோடு ஒத்துப்போகும். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம். அவுட்புட்டின் யூ, வி, டபிள்யூ முனைகளுக்கு இடையே யூ-வி, வி-டபிள்யூ, டபிள்யூ-யூ மூன்றையும் அளந்து பாருங்கள். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் அது பல மடங்காகும். டெர்மினல் லூஸா, டிசியை வெட்டும் ஸ்விட்சான ஐஜிபிடி ஒழுங்காக ஸ்விட்ச் ஆகவில்லையா என்று தேட வேண்டிய இடம் இதுதான்.

ஃபில்டர் போட்டதும் ஆட்டோ ரேஞ்ச் நின்றுவிடும், ரேஞ்சை நாமே மாற்ற வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 400 வோல்ட் தரும் டிரைவ் 10 ஹெர்ட்ஸில் சுமார் 80 வோல்ட்தான் தரும். 60 வோல்ட் ரேஞ்சில் விட்டிருந்தால் 'ஓஎல்' (ரேஞ்சைத் தாண்டிவிட்டது) என்றுதான் தெரியும். முக்கியமாக, ஃபில்டர் போட்டபடி பார்த்துவிட்டு "சப்ளை இல்லை" என்று கை வைக்காதீர்கள். உள்ளதைவிடக் குறைவாகக் காட்ட வாய்ப்புண்டு. முதலில் ஃபில்டர் இல்லாமல் பார்க்க வேண்டும்.

டிரைவுக்குள் ஏசியை டிசியாக மாற்றி வைக்கும் டிசி பஸ்ஸுக்கும் இது நல்ல மீட்டர். 400 வோல்ட் சப்ளைக்கு லோடு இல்லாதபோது 565 வோல்ட் அளவில் இருக்கும். லோடில் ஓடும்போது அதே இரு முனைகளில் ஏசிக்கு மாற்றினால் ரிப்பிள் (டிசி மேல் ஏறி நிற்கும் ஏசி அலை) தெரியும். அதே லோடில் மாதா மாதம் அது ஏறினால் கெப்பாசிட்டர் வலு இழக்கிறது. சப்ளையை நிறுத்திய பிறகு மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, பஸ் இறங்கியதை அளந்த பிறகே தொடுங்கள்.

நீளமான கேபிளில் மோட்டார் முனையில் எழும் பிரதிபலிப்பு வோல்டேஜ் உச்சங்களை இது பிடிக்காது. பீக் வசதியின் எல்லை 250 மைக்ரோசெகண்ட், அந்த உச்சமோ ஒரு மைக்ரோசெகண்டுக்குள் எழுந்துவிடும். பஸ் வோல்டேஜின் இரு மடங்கு வரை, அதாவது 1,100 வோல்ட்டைத் தாண்டியும் போகலாம். அதற்கு ஆஸிலோஸ்கோப்பும் ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோபும் வேண்டும். ஓம்ஸில் 0.1 வரைதான் காட்டுவதால் பெரிய மோட்டாரின் வைண்டிங்கில் டர்ன் ஷார்ட் (சுற்றுகளுக்கு இடையே ஷார்ட்) தெரியாது. மீட்டர் வழியாகவே அளக்கக்கூடிய கரண்ட் 10 ஆம்பியர்தான், ஆகவே கிளாம்ப் மீட்டர் தனி. இன்சுலேஷனுக்கு மெகரும் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) தனி, அதையும் யூ, வி, டபிள்யூ மூன்று கேபிளையும் டிரைவிலிருந்து கழற்றிய பிறகே போட வேண்டும்.