புறா வலை கட்டி நான்கு மழைக்காலம்: பழைய வண்ணாரப்பேட்டை அனுபவம்

வடசென்னையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் மூன்று மாடிக் கட்டிடம். கீழே ரெடிமேட் கடைகள், மேலே குடோன். பின்சுவரில் வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு புறாக் கூடு. எச்சம் பட்ட துணி மூட்டையைப் பாதி விலைக்குக்கூட யாரும் எடுப்பதில்லை. 2020 கடைசியில்தான் இதற்கு ஒரு வழி பார்க்க ஆரம்பித்தேன்.

அல்ட்ராசோனிக் கருவி வாங்கியது வீண். நமக்குக் கேட்காத அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது. பளபளக்கும் டேப்பும் பிளாஸ்டிக் ஆந்தையும் இரண்டு வாரம் தாங்கின, அப்புறம் புறாக்களுக்குப் பழகிவிட்டது.

அடுத்து செய்ததை யாரும் செய்யாதீர்கள். பக்கத்தில்தானே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று பழைய தங்கூசி வலையை, அதாவது மெல்லிய ஒற்றை நைலான் இழையில் பின்னிய மீன் வலையை, மலிவாக வாங்கிக் கட்டினேன். அது பறவையின் கண்ணுக்கே தெரியாது. ஒரு திங்கள்கிழமை காலை கடை திறக்க வந்தால், காலும் சிறகும் சிக்கி ஒரு புறா செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது, மனசே கேட்கவில்லை. எதிர் மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்க்கும் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, விரட்டு, வேணாங்கல. கொல்லாம விரட்டு" என்றார். அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் புரிந்தது. குஞ்சு இருக்கும்போது வலை கட்டினால் தாய் வெளியே, குஞ்சு உள்ளே. முட்டை பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஒரு மாதம் ஆகும். வருஷம் முழுக்க முட்டையிடுவதால் எல்லாக் கூடும் ஒரே சமயத்தில் காலியாகாது. அதனால் காலியான கூட்டை உடனே எடுத்து அந்த இடத்தை அடைத்து, ஒவ்வொன்றாகத்தான் முடித்தோம். காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது, அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

2021 மார்ச்சில் சரியான வலை ஏறியது. வெயில் தாங்கும் நைலான், வலைக்கண் (ஓட்டை) 50 மி.மீ. புறாவுக்கு இது போதும், சிட்டுக்குருவியையும் தடுக்க வேண்டுமென்றால் 19 மி.மீ. வேண்டும். சுற்றிலும் ஸ்டீல் கம்பி ஓட்டி, தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும், தொய்வு இருக்கும் இடத்தில்தான் பறவை சிக்குகிறது.

வலையைப் பார்த்துப் பார்த்து வாங்கிய நான் கொக்கியை விட்டுவிட்டேன். கட்டியவர் சாதாரண ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கொக்கி அடித்திருந்தார். இங்கே கடல் நடந்து போகிற தூரம், உப்புக்காற்று இரும்பை விடுமா? 2022 டிசம்பர் மாண்டஸ் புயல் ராத்திரியில் ஒரு மூலை முழுக்கப் பிய்த்துக்கொண்டது. வலையில் ஒரு கண்கூட அறுபடவில்லை, துருவேறிய கொக்கிகள்தான் ஒடிந்திருந்தன. ஒரு வாரத்துக்குள் மூன்று ஜோடி உள்ளே வந்துவிட்டன! பிறகு எல்லாக் கொக்கியையும் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். சாதாரண 304 ரகத்தை விட விலை அதிகம்தான், ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அடுத்த வருஷம் மிக்ஜாம் புயல் அடித்தபோது ஒன்றுகூட அசையவில்லை.

கட்டும்போதே ஏசி பக்கம் வலையைத் திறந்து மூட ஜிப் வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஏசி மெக்கானிக் முதல் சர்வீஸிலேயே வலையை அறுத்துத்தான் கை விட்டார்.

புறா உட்காராமல் தடுக்கும் முள் பட்டையை நேம் போர்டு மேலேயும் சன்ஷேட் விளிம்பிலும் ஒட்டினோம். குறுகலான விளிம்புக்கு அருமை. அகலமான சன்ஷேடில் ஒரே வரிசை போட்டது தப்பு, முள்ளுக்குப் பின்னால் புறா குச்சி சொருகிக் கூடே கட்டிவிட்டது. விளிம்பிலிருந்து சுவர் வரை வரிசை வரிசையாகப் போட்ட பிறகுதான் நின்றது. தூசி துடைக்காமல் சிலிகான் பசை வைத்து முள் பட்டை ஒட்டிய இடமெல்லாம் அடுத்த கோடையிலேயே பெயர்ந்து வந்தது. புறா உட்காராதிருக்கத் தடவும் பிசின் ஜெல் எங்கள் தெருத் தூசியில் சில மாதத்திலேயே கறுத்து வீணாகிவிட்டது, அது வேண்டவே வேண்டாம்.

இப்போது மாதம் ஒருமுறை நானே ஏணி போட்டுக் கொக்கியையும் மூலைகளையும் பார்த்துவிடுகிறேன். கிழிசல் இருந்தால் காசிமேட்டிலிருந்து வலை பின்னுகிற பெரியவர் வருவார், அரை மணி நேரத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்.