கர்ப்பகால டீடேப் ஊசி: பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் வாங்குமுன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகப் போடும் டிடி நல்ல ஊசி. ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும். கக்குவான் இருமலுக்கு மட்டும் அதில் மருந்து இல்லை. கக்குவானையும் தடுக்கும் குழந்தைகளுக்கான ஊசி பென்டாவேலன்ட்; பிறந்த குழந்தைக்கு அதன் முதல் தவணை ஆறாவது வாரத்தில்தான். அதற்குள் கக்குவான் தொற்றினால் பச்சைக் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது. மூச்சு நின்று உடம்பு நீலம் பாய்ந்துவிடும். இந்த இடைவெளிக்காகக் கர்ப்பத்திலேயே தாய்க்குப் போடுவதுதான் டீடேப்; டிடி தடுக்கும் இரண்டோடு கக்குவானையும் தடுக்கும்.

தனியாரில் பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற இரண்டு டீடேப் பிராண்டுகள் கிடைக்கின்றன. கக்குவான் கிருமியின் புரதங்கள் முதலாவதில் மூன்று, இரண்டாவதில் ஐந்து. அதற்காக அலைய வேண்டாம், கிடைப்பதைப் போடலாம். கணக்குப் பார்க்க வேண்டியது வாரத்தை.

ஊசி போட்டபின் தாயின் உடம்பில் ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்) ஏற இரண்டு வாரம் ஆகும். நஞ்சுக்கொடியில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக் குழந்தையின் ரத்தத்தில் சேர்க்கும். பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் போகிறது. நிறைமாதக் குழந்தையிடம் தாயைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்திய மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு சொல்வது 27 முதல் 36 வாரம். எங்கள் தேர்வு 27, 28. முன்கூட்டியே பிரசவமானாலும் ஓரளவு கடந்திருக்கும். 36-ல் போட்டு 37-ல் பிரசவமானால் குழந்தைக்குப் போய்ச் சேருவது சொற்பம். தாயிடமும் அளவு சீக்கிரம் இறங்கிவிடுவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். இங்கிலாந்தில் 2012-ல் இந்தத் திட்டம் தொடங்கியபின் கணக்கிட்டதில், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பு சுமார் 90 சதவீதம்.

பலர் தடுமாறுவது டிடி கணக்கில். முதல் டிடி கர்ப்பம் தெரிந்ததும், இரண்டாவது நான்கு வாரம் கழித்து. டீடேப் போடும் எண்ணம் இருந்தால் முதல் ஊசியன்றே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்; இரண்டாவது டிடிக்குப் பதிலாக அதையே 27-வது வாரத்தில் போடலாம். இரண்டு டிடியும் முடிந்திருந்தாலும் டீடேப் போடலாம்தான். கை வீக்கம் சற்றுக் கூடலாம்.

மருந்துக்கடையில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப்போகும்போதுதான் ஊசி கெடுகிறது. 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயிலைவிட ஆபத்து உறைதல்: ஐஸ்கட்டியை ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் அலுமினிய உப்பு திரண்டு வீரியம் போய்விடும். ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி, பெட்டியோடு வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது இயல்பு. குலுக்கினால் சீராகக் கலங்க வேண்டும்; கட்டிகள் மிதந்தால் போட வேண்டாம்.

அளவு 0.5 மில்லி, மேற்கைத் தசையில். இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், பாராசிட்டமால் போதும். பேட்ச் எண் ஸ்டிக்கரைத் தாய்சேய் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

டீடேப்பில் உள்ள குறை அதன் விலைதான், ஆயிரம் ரூபாயைத் தாண்டும், அரசு மையத்தில் வழக்கமாகக் கிடைக்காது. தாய் தந்த ஆன்டிபாடி குழந்தையிடம் சில வாரங்களிலேயே பாதியாகிவிடும். அதனால் அம்மா டீடேப் போட்டிருந்தாலும் ஆறாவது வார ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.