வால்ப்ரோயேட் மாத்திரையும் என் பிளேட்லெட்டும்: பல வருட அனுபவம்

எனக்கு இருப்பது பதின்வயதில் தொடங்கும் வகை வலிப்பு. காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும், டம்ளர் நழுவும், தூக்கம் கெட்ட நாளில் முழு ஃபிட்ஸாகவே வந்துவிடும். சோடியம் வால்ப்ரோயேட் ஆரம்பித்த சில வாரங்களில் அது அடங்கியது. அந்த நிம்மதிக்காகவே இந்த மாத்திரை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முடி கொட்டியது, எடை கூடியது, விரல் லேசாக நடுங்கியது. இவற்றை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ரத்தத்தையும் இது தொடும் என்பது டோஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

வேலையில் இரவு ஷிப்ட் வந்தது, ஃபிட்ஸ் திரும்பியது, டோஸை நாளைக்கு 1500 மில்லிகிராம் ஆக்கினார்கள். சில மாதங்களில் தொடையில் நீலத் திட்டுகள், இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாத இடங்களில். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். டெங்கு சீசன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அதே பயம். ஆனால் எனக்குக் காய்ச்சலே இல்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 86 ஆயிரம். சாதாரணமாக 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். மாத்திரை தொடங்குமுன் எடுத்த ரிப்போர்ட்டில் எனக்கு 2.4 லட்சம். அந்தப் பழைய காகிதம் கையில் இருந்ததால்தான், இது மருந்தால் வந்த இறக்கமாக இருக்கலாம் என்று நரம்பியல் டாக்டரால் உடனே யோசிக்க முடிந்தது. புதிதாக வால்ப்ரோயேட் தொடங்குகிறவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே ஒரு சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இறக்கம் பெரும்பாலும் டோஸைப் பொறுத்தது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ரத்தத்தில் மருந்தின் அளவு பெண்களுக்கு 110, ஆண்களுக்கு 135 மைக்ரோகிராமைத் தாண்டும்போது (ஒரு மில்லிலிட்டருக்கு) ஆபத்து நன்றாகவே கூடுகிறது. எண்ணிக்கை மட்டுமல்ல, பிளேட்லெட் வேலை செய்யும் விதமும் ரத்தம் உறைய உதவும் புரதங்களும்கூடச் சிலருக்குக் குறையும். அதனால்தான் பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைவலிக்கு ஆஸ்பிரினை நான் தொடுவதில்லை. அது தன் பங்குக்குப் பிளேட்லெட்டைத் தடுக்கும், கூடவே ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் வீரியத்தையும் ஏற்றும்.

திட்டுகளைப் பார்த்த பயத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு டாக்டர் டோஸைப் படிப்படியாகக் குறைத்து, லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையைச் சேர்த்தார். சில வாரங்களில் எண்ணிக்கை 1.5 லட்சத்தைத் தாண்டியது. புது மாத்திரை ஆரம்பத்தில் சள்ளென்று எரிந்து விழ வைத்தது. வீட்டில் சொல்லி வைத்திருந்ததால் சமாளித்தோம், அப்புறம் தணிந்தது.

ஒவ்வொரு வலிப்பு மருந்தும் ரத்தத்தில் ஒவ்வொரு இடத்தைத் தொடுகிறது. என் அத்தை வருடக்கணக்காக ஃபெனிடோயின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர். ஈறு தடித்தது, எப்போதும் சோர்வு. இரும்புச்சத்துக் குறை என்றே எல்லோரும் நினைத்தோம், பார்த்தால் ஃபோலிக் அமிலக் குறைவால் வந்த சோகை. அதிக அளவு ஃபோலிக் மாத்திரையை நாமாக வாங்கிப் போட்டால் ஃபெனிடோயின் அளவு இறங்கி வலிப்பு திரும்பக்கூடும் என்பதால், அதையும் டாக்டர் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார். கார்பமாசெபைன் என்ற மற்றொரு வலிப்பு மாத்திரையில் வெள்ளையணு கொஞ்சம் குறைவது சகஜம், பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அது சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் சேர்ந்து வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும்; ரத்த நோயே வலிப்பைக் கொண்டுவரலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகையில் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) மூளை ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதமும் வலிப்பும் வரலாம். அப்படிப்பட்டவருக்கு மாத்திரை தேர்ந்தெடுக்கும்போது ரத்த டாக்டரும் நரம்பு டாக்டரும் கலந்து பேசுவது அவசியம்.

லெவெடிராசெட்டமும் அரிதாகப் பிளேட்லெட்டைக் குறைக்கும் என்பதால் எனக்குப் பரிசோதனை நிற்கவில்லை. டோஸ் மாறினாலும், புதுத் திட்டு தெரிந்தாலும், டாக்டரிடம் கேட்டு ஒரு சிபிசி எடுத்துவிடுகிறேன்.