இரண்டு சித்தூர்கள், ஒரே கோப்பு: தேடலும் இணைப்பும் வேர்டிலா, ரைட்டரிலா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் தயாராகும் கோப்புகளில் தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் கலந்து வருவது வழக்கம். கேரள அரசின் கைட் அமைப்பு பள்ளிகளுக்கு வழங்கிய லினக்ஸ் கணினியில், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலியில் தட்டச்சான பள்ளி மலர், அச்சுக்காகப் பொள்ளாச்சிக்குப் போனதும் பெரும்பாலும் வேர்டில் திறக்கப்படுகிறது. எனவே ஊர்ப்பெயர்களைத் தேடிப்பிடித்து இணைய இணைப்பு கொடுத்து, எல்லா இணைப்புகளையும் ஒரே வடிவில் அமைக்கும் வேலையை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்பதை இங்குள்ளவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

தேடலைப் பொறுத்தவரை ரைட்டருக்கே என் வாக்கு. பாலக்காட்டுச் சித்தூரின் பெயரை மலையாளத்தில் எழுதினால் கடைசியில் ஒரு சில்லெழுத்து (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்) வரும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியீட்டெண் தரும் யூனிகோடு தரநிலையின் 5.1 பதிப்பு 2008இல் வெளியானபோது அந்தச் சில்லுக்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன்போ மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளியைப் போன்ற மலையாளக் குறி), எழுத்துகளைச் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஆகிய மூன்றும் சேர்ந்தே சில்லாயின. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும், குறியீட்டை அப்படியே ஒப்பிடும் தேடல் ஒன்றைப் பிடித்து மற்றொன்றைத் தவறவிடும். தமிழிலும் இச்சிக்கல் உண்டு: கொழிஞ்சாம்பாறையின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். ரைட்டரின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) வசதியில் இரு வடிவங்களுக்கும் நடுவே | குறியை இட்டால் ஒரே தேடலில் இரண்டும் அகப்படும். வேர்டில் இதற்கு இணையான வைல்டுகார்டு தேடலில் ‘இது அல்லது அது’ என்று சொல்ல வழியில்லை. ‘இந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி’ என்பதற்கும் குறி கிடையாது. ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே தேட வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே உள்ள இணைப்புகளைத் திருத்துவது என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். வேர்டில் ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இணைப்புக்குப் பின்னால் உள்ள முகவரி எழுத்தாகவே வெளிப்படும். பிறகு வழக்கமான தேடி-மாற்றும் பெட்டியிலேயே பழைய தள முகவரியைப் புதியதாக மொத்தமாக மாற்றிவிடலாம். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எதுவும் தெரியாதவருக்கு இது பெரிய உதவி. ரைட்டரில் முகவரி என்பது எழுத்தின் பண்பாக உள்ளே ஒளிந்திருப்பதால், தேடல் பெட்டி அதைப் பார்ப்பதில்லை. மேக்ரோ எழுதித்தான் ஆக வேண்டும்.

நிறம், அடிக்கோடு ஆகியவற்றை இரண்டிலும் எழுத்து ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த எழுத்து வடிவமைப்பு) வழியாக ஒரே இடத்தில் மாற்றலாம். கூகுள் டாக்ஸிலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உண்டு, கூகுளின் நிரலெழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கொண்டு இணைப்பும் இடலாம்; ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஓட இணையம் வேண்டும்.

மேக்ரோ எழுதுவோருக்கு ரைட்டரின் முறை எளிது: தேடிக் கிடைத்த சொல்லின் இணைப்புப் பண்பில் முகவரியை வைத்தால் போதும். வேர்டின் மேக்ரோ மொழியான விபிஏவில் ஹைப்பர்லிங்க் தொகுப்பில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அடிக்குறிப்புகள் தனிப் பகுதியாக இருப்பதால் அவற்றுக்குள்ளும் தேடும்படி தனியே எழுத வேண்டும். இணைப்புகளை நீக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வராவிட்டால் சில விடுபடும். இரண்டிலும் நான் கட்டாயமாக வைக்கச் சொல்வது, ஒவ்வோர் இடத்திலும் நின்று அனுமதி கேட்கும் ஒரு வரி. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்க, கேட்காமல் ஓடும் மேக்ரோ கேரளத்துச் சித்தூரைப் பற்றிய பத்தியிலும் ஆந்திர மாவட்டப் பக்கத்தின் இணைப்பை ஒட்டிவிடும். படிப்பவர் சொடுக்கிப் பார்க்கும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது.

ஆகவே கலப்புமொழிக் கோப்பில் எழுத்து வடிவங்களை ரைட்டரிலேயே ஒருமைப்படுத்திவிட்டு, அதன்பின் வேர்டு வடிவில் சேமித்து, இணைப்பு வேலையைப் பொள்ளாச்சிக் கணினியில் முடிப்பதையே பரிந்துரைக்கிறேன். மேக்ரோவைக் கோப்புக்குள் வைத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். இணையம் வழியாக வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவருகிறது. அச்சகக் கணினியின் நார்மல் டெம்ப்ளேட்டில் (வேர்டின் பொது வார்ப்புருக் கோப்பில்) அதை ஒருமுறை பதித்துவிட்டால், அங்கே திறக்கும் எந்தக் கோப்பிலும் அதை ஓட்டலாம்.