சாமைக்குச் சரி, வரகுக்குப் பாதி: சிங்கிள் பேஸ் உமி நீக்கும் மிஷின்

கேழ்வரகும் கம்பும் கதிரடித்துப் புடைத்த கையோடு மாவு மில்லுக்குப் போய்விடும். சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு, வரகு ஐந்துக்கும் அது முடியாது. உமியைக் கழற்றினால்தான் அரிசி. கொல்லிமலையில் சாமைக்காடு மரவள்ளிக்கு மாறியதற்கு விலை ஒரு காரணம், இடுப்பொடிய உரலில் குத்துகிற வேலை இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மகளிர் குழுக்களுக்கு மிஷின் வைக்க உதவியதும் இதனால்தான். இன்று கோவை, சேலம் பட்டறைகளில் கிடைக்கும் 2 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மிஷின், இரண்டு மூன்று ஏக்கர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கக்கூடிய அளவுதான். வாங்கலாமா என்றால், சாமையும் தினையும் அதிகம் விளைகிற ஊருக்கு வாங்கலாம். வரகை மட்டும் நம்பி இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நெல் மில்லில் இரண்டு ரப்பர் உருளை மணியை நசுக்கித் தேய்க்கும். சாமை அளவுக்குப் பொடி மணி அந்த இடைவெளியில் நழுவிவிடும். இந்த மிஷினில் வேகமாகச் சுற்றும் விசிறிச் சக்கரம் மணியை வீசி, சுற்றிலும் உள்ள ரப்பர் வளையத்தில் மோதவிடுகிறது. மோதலில் உமி வெடிக்கும், புளோயர் உமியை இழுத்து வெளியே தள்ளும். கல்லில் உரசித் தீட்டாததால் தவிட்டுப் படலம் அரிசியிலேயே நிற்கிறது. நார்ச்சத்துக்கும் பி வைட்டமினுக்கும் அதுதான் இருப்பிடம். இந்த ஒன்றுக்காகவே பழைய சாணைக்கல் மிஷினைவிட இது மேல்.

விளம்பரத் தாளில் ‘ஒரு மணி நேரத்துக்கு 100 கிலோ’ என்று இருக்கும். அது மேலே கொட்டுகிற தானியத்தின் எடை, கீழே வருகிற அரிசியின் எடை அல்ல. நல்ல சாமை 100 கிலோ போட்டால் 60, 65 கிலோ அரிசி தேறும்; வரகில் 50 கிலோவைத் தாண்டினாலே நல்ல அரவை. அதுவும் ஒரே ஓட்டத்தில் முடியாது. உமி கழலாமல் தப்பிய மணியைச் சலித்தெடுத்து மறுபடி விட வேண்டும். வரகுக்கு உமி பல அடுக்கு. இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் தப்பும். வேகத்தைக் கூட்டி ஒரே அடியில் முடிக்கப் பார்த்தால் நொய்தான் கூடும்.

வேகத்தை மாற்ற வழியில்லாத மிஷினை வாங்க வேண்டாம். மணி சிறுத்தால் எடை குறைவு, அதே வேகத்தில் மோதினாலும் அடி பலமாக விழாது. ஒரு பயிருக்குச் சரியான வேகம் இன்னொன்றுக்குச் சரியாக இருக்காது. பெல்ட்டை இடம் மாற்றிப் போடும் படிப்படியான புல்லி இருந்தாலும் போதும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. மலை ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். அப்போது மோட்டார் திணறி வேகம் குறையும், உமியோடு தப்பும் மணி பெருகும், சுருள் சூடாகும். பழியெல்லாம் தானியத்தின் மேல் விழும்! காலையில் ஓட்டுங்கள்.

மிஷினை விடத் தானியத்தைக் காயவைப்பதுதான் முக்கியம். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடையணும், நசுங்கினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஈரமாகப் போட்டால் உமி வெடிக்காமல் வளைந்து கொடுக்கும், தவிடு ரப்பரில் அப்பிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி சிதறும். களத்திலிருந்து சூடாக அள்ளி வந்து கொட்டுவதும் தப்பு. ஒரு ராத்திரி ஆறட்டும். அறுப்பில் மழை பட்டுப் பூஞ்சை ஏறிய வரகை மிஷினுக்கே கொண்டுவர வேண்டாம். அதைத் தின்றால் மயக்கமும் வாந்தியும் வரும், உமி நீக்கியும் பயனில்லை.

பட்டறைக்காரர்கள் சொல்லாமல் விடுவது, இது தனியாக நின்று வேலை செய்யாது என்பதை. முன்னால் கல் நீக்கும் கருவியும் இரண்டு மூன்று கண் அளவில் சல்லடையும் வேண்டும். களத்து மணலோடு கொட்டினால் ரப்பர் வளையம் சீக்கிரம் வரி வரியாக அறுபடும், அரிசியில் கல் கடிக்கும். கல் கடித்த சாமையை வாங்கியவர் மறுபடி வரமாட்டார். பெரிய மணியும் பொடி மணியும் கலந்து கிடந்தால் பெரியது நொய்யாகும், பொடி தப்பிக்கும். அதனால் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் சிறுதானிய ஆராய்ச்சி மையத்து ரகத்தையும் ஊர் ரகத்தையும் ஒரே மூட்டையில் கலக்க வேண்டாம். கல் நீக்கிக்குப் பணம் இல்லாவிட்டால் முறம் போதும், ஆனால் அதற்கு ஆள் கூலி கணக்கில் வர வேண்டும்.

ஓடும்போது பார்க்க வேண்டிய இடம் உமி விழும் வாய். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பாருங்கள். அரிசி தெரிந்தால் காற்றைக் குறைக்கணும். அரிசி வாயில் உமி வந்தால் கூட்டணும். வழக்கமான வேகத்திலேயே தப்பும் மணி கூடுகிறதா? முதலில் பெல்ட் தொய்வைப் பாருங்கள், பிறகு ரப்பரை. சக்கரத்தின் ஓர் இதழ் மட்டும் தேய்ந்தால் அதிர்வு வரும், பேரிங் போகும். மாற்றினால் எல்லா இதழையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உமித்தூசி அரிக்கும். புளோயர் குழாயைச் சுவருக்கு வெளியே விட்டுத் துணிப்பை கட்டுங்கள், மூக்குக்கும் துணி கட்டுங்கள்.

தீட்டாத அரிசிக்கு ஆயுள் கம்மி. தவிட்டெண்ணெய் காற்றுப் பட்டுக் காறல் வாடை வந்துவிடும். உமியோடு கிடக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. ஆகவே அறுவடை முழுவதையும் ஒரே வாரத்தில் அரைக்காமல், மாதத் தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது. ஊரில் சொந்த மிஷின் இருப்பதன் பெரிய லாபம் இதுதான். வெளியூர் மில்லுக்கு வண்டி பிடித்துப் போகிறவருக்கு இது முடியாது.

மானியம் வேண்டுமானால் வாங்குவதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பில்லைக் கொண்டுபோய்ப் பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். பட்டறைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் தானியத்தை நம்பாமல், உங்கள் ஊர் சாமை 10 கிலோ, வரகு 10 கிலோ கொண்டுபோய் எதிரிலேயே ஓட்டச் சொல்லுங்கள். அரிசி, நொய், உமி, தப்பிய மணி நான்கையும் தனித்தனியாக நிறுங்கள். மாற்று ரப்பர் வளையம் ஒன்றையும் அப்போதே விலைபேசி வாங்கி வாருங்கள்.