கனடா குளிரில் எது லாபம்: கேஸ் ஃபர்னஸா, ஹீட் பம்பா?

ஹீட் பம்புக்கு மாறினால் காசு மிச்சமாகுமா என்று யார் கேட்டாலும், இப்போது வீட்டைச் சூடாக்குவது எது என்றுதான் முதலில் கேட்பேன்.

எண்ணெய் ஃபர்னஸ் அல்லது பேஸ்போர்டு ஹீட்டர் (சுவரடியில் ஓடும் மின் ஹீட்டர்) என்றால் யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். பேஸ்போர்டு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே விடுவதால், மிதமான குளிரில் மூன்று யூனிட், மைனஸ் 15-இல் சுமார் இரண்டு யூனிட் கிடைக்கும். எண்ணெயை நம்பியிருந்த அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், 2025-க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்ற இலக்கை 2023-லேயே எட்டிவிட்டது.

டொராண்டோ பக்கத்து கேஸ் வீடுகளுக்குத்தான் கணக்கு இழுபறி. ஒரு கன மீட்டர் கேஸ் நல்ல ஃபர்னஸில் எரிந்தால் சுமார் 10 யூனிட் வெப்பம். அதே வெப்பத்துக்கு ஹீட் பம்ப் மிதமான நாளில் மூன்றேகால் யூனிட், கடுங்குளிரில் ஐந்து யூனிட் மின்சாரம் எடுக்கும். இரண்டு பில்களையும் எடுத்து, டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். கேஸுக்குக் கன மீட்டருக்கு 15.25 சென்ட்டாக இருந்த கார்பன் வரி 2025 ஏப்ரலில் நீங்கியதால், தராசு கேஸ் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதனால் கேஸ் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது கலப்பு முறை. ஏசி பழுதாகும்போது, அந்த இடத்தில் ஹீட் பம்பைப் போடுங்கள். கோடையில் அதுவே குளிரூட்டும், எப்படியும் ஏசிக்குச் செலவழிக்க வேண்டிய பணம்தானே. கடுங்குளிரில் மட்டும் பழைய ஃபர்னஸ் எரியட்டும்.

கேஸ் இணைப்பையே துண்டித்தால் மாதாந்தர நிலைக்கட்டணம் மிச்சம். ஆனால் வெந்நீரும் அடுப்பும் மாற வேண்டும். கடுங்குளிரில் ஃபர்னஸுக்குப் பதிலாக மின்சாரத் துணை ஹீட்டரும் தேவைப்படலாம். 100 ஆம்பியர் மின் பேனல் உள்ள வீட்டில் 10 கிலோவாட் துணை ஹீட்டர் மட்டுமே 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேனலைப் பெரிதாக்க ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அப்புறம், ஒன்ராறியோவின் மலிவு இரவு மின் கட்டணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2023-இல் அது தொடங்கியபோது இரவில் யூனிட்டுக்கு 2.4 சென்ட், வார நாள் மாலை 4 முதல் 9 வரை 24 சென்ட். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம் அதுதானே!

பொருத்தும் விதத்தையும் கவனியுங்கள். வெளி யூனிட் பனிக்கு மேலே ஸ்டாண்டில் நிற்க வேண்டும். உறைபனியை அது தானே உருக்கும்போது ஆவி பறக்கும், நீர் சொட்டும். நடைபாதை ஓரம் வைத்தால் அந்த நீர் உறைந்து வழுக்கும்.

வாசலுக்கு வந்து விற்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படித் தேடிவந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் ஒப்பந்தம் போடுவதற்கு ஒன்ராறியோவில் 2018 முதலே தடை. விலைப்புள்ளி வாங்கும்போது, மைனஸ் 15-இல் எத்தனை பிடியு (BTU, வெப்ப அளவு) தரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பிளஸ் 8 டிகிரிக்கானது.