வீடில்லாதவங்களுக்கு முலுண்ட், தாணே, ஐரோலி சேர்ந்து என்ன செய்யலாம்? நாலு வழி, ஒரு அலசல்

முலுண்ட் செக்நாக்கால இந்தப் பக்கம் மும்பை மாநகராட்சி, அந்தப் பக்கம் தாணே மாநகராட்சி, பாலம் தாண்டி ஐரோலி போனா நவி மும்பை. ரோட்டோரம் தங்கற குடும்பங்களை இங்க கிளப்பினா அங்க போறாங்க, அங்க கிளப்பினா திரும்பி இங்கயே வர்றாங்க. மும்பையும் அதைச் சுத்தி இருக்கறதும் சேர்த்து மொத்தம் 9 மாநகராட்சி இருக்கு, எல்லாருக்கும் இது பக்கத்து ஊர் பிரச்சனைதான்.

முதல் வழி இந்தக் கிளப்பி விடறது. நம்ம சொசைட்டி மீட்டிங்ல அதிகம் கேக்கறதும் இதுதான். 1981ல வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் குடிசை போட்டிருந்த ஒரு சேலத்துக்காரரைக் குடும்பத்தோட பஸ்ல ஏத்தி சேலத்துக்கே அனுப்பினாங்க, ஊர்ல வேலை இல்லாம அவர் திரும்ப வந்து அதே மாதிரி பிளாட்பாரத்துல குடியேறினார். அவரும் சேர்ந்து போட்ட கேஸ்லதான் 1985ல சுப்ரீம் கோர்ட் பிழைப்புக்கான உரிமையும் வாழற உரிமைக்குள்ள வரும்னு சொல்லுச்சு. அதனால இந்த வழிய நான் கணக்குலயே சேக்கல.

ரெண்டாவது, அவங்கவங்க ஏரியாவுல சாப்பாடு குடுக்கறது. நல்ல மனசுதான், ஆனா யாரும் யார்கிட்டயும் பேசிக்கறதில்ல, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரே இடத்துக்கு மூணு குரூப் வருது, செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் இல்ல. விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருத்தங்க, ஆதார் கார்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இடுப்புல சொருகி வச்சிருப்பாங்க, இன்னொரு புளிசாதப் பொட்டலம் நீட்டினப்ப "வேணாம் தம்பி, காலைல ஊசிப் போயிடும், பாப்பா குளிக்கறதுக்கு ஒரு இடம் இருந்தா சொல்லுங்க"ன்னாங்க. வயசுக்கு வந்த பொண்ணு அது. நாம எத்தனை அண்டா சோறு வடிச்சாலும் அந்தப் பொண்ணுக்கு ஒரு கதவு கிடைக்காது.

மூணாவது சுழற்சி முறை. அமெரிக்காவுல நியூ ஜெர்சில 1986ல ஆரம்பிச்சது, இப்ப ஃபேமிலி ப்ராமிஸ்னு பேரு. அக்கம்பக்கத்து ஊர் சர்ச், யூதக் கோயில் எல்லாம் முறை வச்சுக்கிட்டு ஒவ்வொரு வாரம் தங்களோட ஹால்ல சில குடும்பங்களைத் தங்க வைப்பாங்க, சமையல், ராத்திரி துணை எல்லாம் அந்த இடத்து ஆளுங்க. புதுசா கட்டடம் வேணாம், இதான் லாபம். ஆனா வாராவாரம் மூட்டை கட்டணுமே, கொரோனாவுக்கு அப்புறம் அங்கயே பல ஊர்ல ஒரே இடத்துல தங்க வைக்கற மாதிரி மாத்திட்டாங்க. இங்க கல்யாண சீசன்ல எந்த ஹால் காலியா கிடைக்கும் சொல்லுங்க.

நாலாவது பங்கு பிரிக்கறது, என் ஓட்டு இதுக்குத்தான். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் ஏரிக்கு அந்தாண்ட இருக்கற மூணு புறநகர், பெல்வியூல ஆம்பளைங்களுக்கு, கிர்க்லேண்ட்ல பொம்பளைங்களுக்கும் குடும்பங்களுக்கும், ரெட்மண்ட்ல இளவட்டங்களுக்குன்னு ஷெல்டரைப் பிரிச்சுக்கிட்டாங்க. லேசுல நடக்கல, கிர்க்லேண்ட்ல 2020ல திறந்தாச்சு, பெல்வியூல ஜனங்க எதிர்ப்புல இழுத்து இழுத்து 2023ல தான் நிரந்தரக் கட்டடம் வந்துச்சு. ஆனா மூணு ஊரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கறப்ப "எங்க தலையில மட்டும் ஏன் கட்டறீங்க"ன்னு யாரும் கேக்க முடியாது பாருங்க, அதான் இதுல இருக்கற பலம்.

நம்ம ஊர் விதிப்படி 1 லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு ஷெல்டர், ஆளுக்கு 50 சதுர அடி. 2011 சென்சஸ்ல மும்பை 1.24 கோடி, அப்ப 124 ஷெல்டர் இருக்கணும், அது பக்கத்துல கூட நாம இல்ல. இருக்கற கொஞ்சத்துலயும் குடும்பமா போய்த் தங்கறது ரொம்பக் கஷ்டம், புருஷனை ஒரு இடத்துல பொண்டாட்டி பிள்ளைகளை ஒரு இடத்துலன்னா யாரு போவாங்க, ரோட்டுலயே சேர்ந்து இருந்துக்கறோம்னுதான் சொல்வாங்க.

அதனால தாணேல ஏற்கனவே பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கு, மனசு சரியில்லாம ரோட்டுல அலையறவங்களை அவங்க பாத்துக்கட்டும். நவி மும்பைல ஏபிஎம்சிங்கற பெரிய மொத்த வியாபார மார்க்கெட்ல மூட்டை தூக்கற தனி ஆளுங்களுக்கு அங்கயே படுக்க இடம் வேணும். குடும்பங்களை முலுண்ட் எடுத்துக்கணும். மூணு பக்கத்துத் தமிழ்ச் சங்கமும் மராத்தி மண்டலும் சேர்ந்து கையெழுத்து வாங்கி மூணு கமிஷனருக்கும் ஒரே மனுவா குடுக்கணும், ஆனா அதுக்கு முன்னாடி நாம முலுண்டைப் பாத்துக்கற மும்பை மாநகராட்சியோட T வார்டு ஆபீஸுக்குப் போயி, காலியா கிடக்கற மாநகராட்சி ஸ்கூல் கட்டடம் எதுன்னு லிஸ்ட் கேட்டு வாங்கிடணும், கைல இடம் இல்லாம பேசப் போனா தாணேக்காரங்க முதல் கேள்வியே "நீங்க எதை எடுத்துக்கறீங்க"ன்னுதான் கேப்பாங்க.